கிண்டிலில் நாலு வருஷம்: நாற்பதாம் பக்கத்தில் எழுந்து போனவர்கள்

முதலில் வரவைச் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அமேசானின் மின்நூல் கடையான கிண்டிலில் என் முதல் நாவலைப் போட்ட பிறகு வங்கியில் விழுந்த முதல் தொகை 212 ரூபாய். மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் அங்கே பணம் போடுவார்கள். அதற்குள் நான் மறந்தே போயிருந்தேன். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக்கொண்டு வந்த வீட்டுக்காரர், "ஏதோ 212 ரூவா வந்திருக்குது, கேஸ் மானியமா?" என்று கேட்டார். என் ராயல்டி என்றேன். ஒரு நிமிஷம் பாஸ்புக்கையே பார்த்துவிட்டு, "பரவால்ல, மானியத்துக்குப் பக்கத்துல வந்துட்ட" என்றார்.

எங்களுக்குக் கரூர், வெங்கமேடு. அவருக்கு பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை. நான் ஆன்லைனில் தொடர்கதை எழுதுகிறேன். குடும்ப நாவல்தான், சண்டையும் சமாதானமுமாக. திங்கள், புதன், வெள்ளி எபி, அதாவது எபிசோடு, போடுவேன். ஒரு நாள் தவறினால் "அடுத்த யூடி எப்போ சிஸ்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள் (யூடி என்றால் அப்டேட், அடுத்த எபி). பால் வந்ததிலிருந்து வீடு எழுந்திருக்கும் வரை கிடைக்கும் ஒன்றரை மணி நேரம்தான் என் ஆபீஸ். எழுதுவது முழுக்கப் போனில். இந்த நாலு வருஷத்தில் ஏழு நாவல்களைக் கிண்டிலில் ஏற்றியிருக்கிறேன். தொடரை முடித்துவிட்டு, இதைக் கிண்டிலில் போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்களுக்காகத்தான் இந்த விமர்சனம்.

கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங், சுருக்கமாக கேடிபி, அமேசானின் சுயபதிப்புச் சேவை. 2007-ல் வந்தது, தமிழுக்கு 2016 கடைசியில்தான் கதவு திறந்தது. கணக்கு தொடங்கக் காசு கிடையாது. வேர்ட் கோப்பில் கதை, ஒரு அட்டைப்படம், பான் எண், வங்கிக் கணக்கு, இவ்வளவு இருந்தால் போதும். எழுத்து யூனிகோடில் இருக்க வேண்டும். ஒவ்வொரு அத்தியாயத் தலைப்புக்கும் வேர்டில் 'ஹெடிங் 1' கொடுத்துவிட்டால் உள்ளடக்கப் பட்டியலைப் போடுவது சுலபம். ஏற்றிய பிறகு கடையில் வர 72 மணி நேரம் வரை ஆகலாம் என்கிறார்கள். வரிப் படிவத்தில் பான் எண்ணைச் சரியாகக் கொடுத்தால், அமெரிக்கக் கடையில் விற்கும் பிரதிகளுக்கான ராயல்டியில் 30 சதவீதத்துக்குப் பதிலாக 15 சதவீதம்தான் பிடிப்பார்கள். படிவம் மிரட்டுகிற மாதிரி இருக்கும். மிரள வேண்டாம், அரை மணி நேர வேலை.

நின்று யோசிக்க வேண்டிய இடம் 'கேடிபி செலக்ட்' என்ற ஒற்றை டிக். அதைப் போட்டால் 90 நாளுக்கு அந்த மின்நூல் கிண்டிலைத் தவிர வேறெங்கும் இருக்கக் கூடாது. தொடராக வந்த தளத்திலும் முழுக்கதை இருக்கக் கூடாது. மாதிரிக்கு 10 சதவீதம் வரை வெளியில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். 90 நாள் முடிந்ததும், நாமாக எடுக்காவிட்டால் தானாகவே அடுத்த சுற்றுக்குப் போய்விடும். டிக் போட்டால்தான் கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் கதையைத் தனிக் காசு இல்லாமல் எடுத்துப் படிக்க முடியும். இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 சதவீத ராயல்டியும் இதில் சேர்ந்தால்தான். சேராவிட்டால் 35.

நான் சேர்ந்தேன். சேரச் சொல்லியும் சொல்லுவேன், ஆனால் ஒரு நிபந்தனை. தளத்தில் இருக்கும் அத்தியாயங்களைத் தூக்குவதற்கு முன்னால் வாசகர்களுக்குப் பத்து நாள் நோட்டீஸ் கொடுங்கள். "எபி 30 வரை வந்துட்டேன், திடீர்னு லிங்க் காணோம்" என்று ராத்திரி பதினொன்றரைக்கு ஒருவர் போட்ட மெசேஜ் எனக்கு இன்னமும் குத்துகிறது. கைக்குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுப் படிப்பவராம். நம்மை வளர்த்தவர்கள் அவர்கள்தான். ராயல்டி எல்லாம் அதற்கப்புறம் வந்தது.

டிக் போட்டவர்களுக்கு ஒவ்வொரு 90 நாளிலும் 5 நாள், புத்தகத்தை இலவசமாகக் கொடுக்க அனுமதி உண்டு. கிண்டில் நமக்குக் கொடுக்கும் விளம்பரக் கருவி என்றால் முக்கியமாக இதுதான். இதை வைத்து நான் முதல் பொங்கலுக்குச் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும்.

பொங்கலன்று காலை ஆறு மணிக்கு, வாசலில் கோலத்தை முடித்த கையோடு, எனக்குத் தெரிந்த அத்தனை வாட்ஸ்அப் குழுக்களிலும் 'இன்று முதல் 5 நாள் இலவசம்' என்று கரும்பு, பானை படத்தோடு போட்டேன். ஆறரைக்கெல்லாம் பதில் வர ஆரம்பித்துவிட்டது. "சிஸ், 99 ரூபாய் காட்டுதே." "சிஸ், காசு கேக்குது." ஒருவர் நேராகவே, "இப்படி ஏமாத்தி க்ளிக் வாங்கணுமா?" என்று கேட்டுவிட்டார். விஷயம் இதுதான்: கேடிபியின் நாள் அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி ஓடுகிறது. அங்கே நள்ளிரவு பன்னிரண்டு அடித்தால்தான் புத்தகம் இலவசமாகும். நமக்கு அது குளிர்காலத்தில் மதியம் 1.30, அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் கோடையில் 12.30. விதிமுறைப் பக்கத்தில் இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. அதற்குள் ஒரு அக்கா கவனிக்காமல் 99 ரூபாய் கொடுத்தே வாங்கிவிட்டார். ஜிபேயில் அவருக்கு 99 ரூபாயைத் திருப்பி அனுப்பினேன். அதில் எனக்கு வரப்போகிற பங்கைவிட அது அதிகம். பொங்கல் பானை பொங்குவதற்குள் நஷ்டக் கணக்கில் நின்ற எழுத்தாளர் கரூர் ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இரண்டாவது பாடம், பண்டிகை நாளில் இலவசம் போடாதீர்கள். எல்லாரும் அன்றைக்குத்தான் போடுகிறார்கள். குழுவைத் திறந்தால் இலவச லிங்க்குகள் பட்டாசுக் குப்பை மாதிரி கிடக்கும், நம்முடையது எது என்று நமக்கே தெரியாது. பள்ளிக்கூடம் நடக்கிற ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை போட்டேன். முதல் பொங்கலில் 5 நாளுக்கு 180 டவுன்லோட், அந்தச் செவ்வாயில் தொடங்கியதற்கு 640. இன்னொன்று: கடையின் ரேங்க் வரிசையில் இலவசப் புத்தகங்களுக்கு ஒரு பட்டியல், விலைக்கு விற்பவற்றுக்கு வேறு பட்டியல். இலவசத்தில் நம்பர் ஒன் வந்தேன் என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாம். ஐந்தாம் நாள் முடிந்ததும் விலைக்கு விற்பவற்றின் பட்டியலில் மறுபடி நாமேதான் ஏறணும். இலவசத்தால் மிஞ்சுவது அந்த 640 பேரில் யாராவது அடுத்த கதையைத் தேடி வந்தால் அதுதான். அதனால் ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் அடுத்த நாவலின் முதல் அத்தியாயத்தைச் சேர்க்கிறேன். நான் செய்த விளம்பரங்களிலேயே உருப்படியானது அது. காசும் ஆகவில்லை.

காசு ஆன விளம்பரமும் ஒன்று உண்டு. பெயர் சொல்லப் போவதில்லை. 'ஆதர் ப்ரமோஷன் பேக்கேஜ்' என்று ஒரு ஆள், 4,500 ரூபாய், '50 ரிவ்யூ உறுதி' என்றார். கொடுத்தேன். ஒரே வாரத்தில் பத்துப் பதினைந்து வந்தது. 'அருமையான கதைக்களம், எழுத்து நடை சூப்பர், வாழ்த்துக்கள்' என்று எல்லாம் ஒரே அச்சு. என் நாவலில் வராத 'கிராமத்து மண்வாசனை'யை நாலு பேர் பாராட்டியிருந்தார்கள். கதை நடப்பது கோயம்புத்தூரில் ஒரு அபார்ட்மென்ட்டில். காசு கொடுத்து வாங்கும் விமர்சனத்துக்கு அமேசான் விதியில் இடமே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது, சொந்தக்காரர் எழுதுவதற்கும் இல்லை. கொஞ்ச நாளில் அவை ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அந்த ஆளும் போனை எடுப்பதில்லை. என் மச்சினர் ஆசையாகப் போட வந்த ஐந்து நட்சத்திரத்தையும் நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதில் அவருக்கு இன்னமும் மனவருத்தம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். எனக்குக் கிண்டிலில் கிடைத்த பெரிய லாபம் இது.

அன்லிமிடெட்டில் நம் கதையை எடுத்தால், எடுத்ததற்குக் காசில்லை. படித்த பக்கத்துக்குத்தான். 2015-லிருந்து இப்படி. மாதாமாதம் ஒரு பொது நிதி ஒதுக்கி, உலகம் முழுக்கப் படித்த பக்கங்களுக்கு அதைப் பங்கிடுகிறார்கள். ஒரு பக்கத்துக்கு நம் கைக்கு வருவது பைசாக் கணக்குதான். ஒரு வாசகர் ஒரு பக்கத்தை முதல் தடவை படிப்பதற்கு மட்டும்தான் கணக்கு, திரும்பப் படித்தால் இல்லை. இந்த எண்ணிக்கையை நாள்வாரியாக, புத்தகவாரியாக டேஷ்போர்டில் காட்டுவார்கள்.

என் முதல் நாவலுக்கு அவர்கள் போட்ட கணக்கு 318 பக்கம். வெளியிட்டு முதல் இரண்டு வாரம் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் டேஷ்போர்டைத்தான் பார்ப்பேன். ஒரு நாள் 318. யாரோ ஒரு புண்ணியவதி ஒரே மூச்சில் முடித்திருக்கிறார். மறுநாள் பூஜ்யம். அப்புறம் 41. பூஜ்யம். 39. 43. பூஜ்யம். 81. நான் மொத்தத்தைக் கூட்டி, இது எத்தனை ரூபாய் வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பிளஸ் டூவில் காமர்ஸ் படித்துக்கொண்டிருந்த என் மகள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ம்மா, எல்லாரும் நாப்பதுலயே எந்திரிச்சுப் போறாங்க பாரு. 81னா ரெண்டு பேரு."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. புத்தகத்தை எடுத்து நாற்பதாம் பக்கம் எங்கே வரும் என்று உத்தேசமாகப் பார்த்தேன். தொடரில் ஆறு, ஏழு, எட்டாவது எபிகள். வெள்ளிக் குத்துவிளக்குச் சண்டை! தொடர் ஓடிய காலத்தில் எனக்கு அதிகமாக கமெண்ட் வாங்கிக் கொடுத்த இடம் அது. கல்யாணமாகி வந்த மருமகள் அம்மா வீட்டுச் சீதனமாகக் கொண்டுவந்த குத்துவிளக்கை மாமியார் தூக்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவாள். "அந்த மாமியாரை நான் பாத்தேன்னா" என்று பெண்கள் பொங்கியிருந்தார்கள். அதிலா எழுந்து போனார்கள்?

அன்று மத்தியானம் உட்கார்ந்து அந்த மூன்று எபிகளையும் ஒரே மூச்சில் படித்தேன். அதற்கு முன்னால் நான் அப்படிப் படித்ததே இல்லை. எழுதும்போது திங்கள் ஒன்று, புதன் ஒன்று, வெள்ளி ஒன்று. இடையில் ஒன்றிரண்டு நாள் சமையல், துணி, ரேஷன் கடை எல்லாம் இருந்தது, எனக்கும் வாசகர்களுக்கும். அதனால் ஒவ்வொரு எபியின் தொடக்கத்திலும் முந்தின சண்டையை நாலு பாராவுக்குத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். சேர்த்துப் படித்தால் அந்தக் குத்துவிளக்கு மூன்று தடவை பீரோவுக்குள் போகிறது. ஒவ்வொரு எபியின் கடைசியிலும் அவள் கண்ணில் ஒரு சொட்டு நிற்கிறது, அடுத்த எபி தொடக்கத்தில் அதே சொட்டு விழுகிறது. தொடருக்கு அது வேண்டும். இரண்டு நாள் கழித்து வருபவரை வாசலில் நின்று வரவேற்கிற மாதிரி. புத்தகத்தில் அவர் வீட்டுக்குள்ளேயேதான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போய் நிமிஷத்துக்கொரு தரம் "வாங்க வாங்க" என்றால் எழுந்துதான் போவார்.

மூன்று மாதம் ஆனது எனக்கு. 46 எபிகளை 31 அத்தியாயமாக்கினேன். பதினோராயிரம் வார்த்தை போனது. குத்துவிளக்கு ஒரே தடவைதான் பீரோவுக்குள் போனது, சத்தமில்லாமல், மருமகள் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கைத் தேடுகிற மாதிரி மாற்றினேன். திரும்ப ஏற்றினேன். அதே பக்கம், அதே லிங்க், பழைய விமர்சனங்களும் அப்படியே இருந்தன. ஏற்கெனவே இறக்கியவர்களுக்கு அது தானாக மாறிவிடும் என்று நினைக்க வேண்டாம், அவர்களிடம் பழைய பிரதியேதான் இருக்கக்கூடும்.

அதற்கப்புறம் நாற்பதில் யாரும் நிற்கவில்லை என்று சொல்ல ஆசைதான். சிலர் நிற்கிறார்கள், இப்போது நிறையப் பேர் தாண்டுகிறார்கள். 120-க்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கூட்டம் நிற்கிறது. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் அப்பா சாயலில் ஒரு கிழவர் அமராவதி ஆற்றைப் பார்த்துக்கொண்டு ஆறு பக்கம் பேசுகிறார். அதை வெட்ட மனசு வரவில்லை. போகிறவர்கள் போகட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த வித்தை வாசகர் எண்ணிக்கை குறைவாக இருக்கும் வரைதான். தினமும் நூறு பேர் படித்தால் எல்லாப் பக்கமும் ஒன்றாகக் கலந்து ஒரே தொகையாகத்தான் தெரியும், யார் எங்கே நின்றார் என்று பிரிக்க முடியாது. இணையம் இல்லாமல் படித்தவர்களின் பக்கங்கள் அவர்கள் மறுபடி இணைப்பில் வரும்போதுதான் கணக்கில் சேரும், அதனால் தேதியும் முன்னே பின்னே இருக்கும். பத்துப் பேர் படிக்கிற எழுத்தாளராக இருப்பதில் ஒரு லாபம் உண்டு என்றால், இதுதான். அந்தப் பத்துப் பேர் இருக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்துப் பிழை பற்றி. தொடரில் பிழை இருந்தால் மன்னிப்பார்கள். 99 ரூபாய்க்கு விற்றால் மன்னிக்க மாட்டார்கள், சரிதான். 'முதல் பார்வையிலேயே அவளிடம் மனதைப் பரிகொடுத்தான்' என்று எழுதியிருந்தேன். ஒரு வாசகி, "ஹீரோ மனசுக்கு எதுக்கு சிஸ் குதிரை?" என்று கேட்டிருந்தார். சின்ன ர, பெரிய ற, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த பயத்தில் அடுத்த நாவலில் கண்ட இடத்திலெல்லாம் ஒற்றைப் போட்டுத் தள்ளினேன். 'மேனேஜர் அவளுக்கு வேலைக் கொடுத்தார்' என்று அச்சாகிவிட்டது. வேலை கொடுத்தால் சம்பளம் வரும். க் போட்டுக் கொடுத்தால் அது முருகன் கையில் இருக்கிற வேல். மகள் கேட்டாள், "குதிரை குடுத்தாச்சு, வேல் குடுத்தாச்சு. எப்பம்மா போரு?"

இப்போது ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் நாவி, வாணி இரண்டிலும் போட்டு எடுக்கிறேன். நீச்சல்காரன் என்ற பெயரில் எழுதுபவர் உருவாக்கிய இலவச இணையக் கருவிகள் இவை. நாவி சந்திக்கு, வாணி எழுத்துப் பிழைக்கு. இவை சுட்டிக்காட்டும், முடிவு நம்முடையது. 'பரி'யும் நல்ல தமிழ்ச் சொல்தானே, அதை எந்தக் கருவி பிழை என்று சொல்லும்? அதனால் கடைசியில் ஒரு தடவை சத்தமாகப் படித்துவிடுகிறேன். வீட்டில் யாரும் இல்லாதபோது. காதல் காட்சிகளை அப்படிப் படிப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது.

அட்டை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2560-க்கு 1600 பிக்சல், உயரம்தான் பெரிசு. எவ்வளவு அழகாகப் போட்டாலும் போனில் அது தபால்தலை அளவில்தான் தெரியும், அந்த அளவில் தலைப்பைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். சினிமா நடிகர் படத்தைப் போடாதீர்கள். தொடருக்கு அப்படித்தான் எல்லாரும் போடுகிறோம், ஆனால் விற்கிற பொருளில் நமக்கு உரிமையில்லாத படம் வம்பு. ஏ.ஐ. வைத்துப் படம் செய்தால், ஏற்றும்போதே அதைக் கேட்கிறார்கள், உண்மையைச் சொல்லிவிடணும். 2023 செப்டம்பரிலிருந்து இந்தக் கேள்வி இருக்கிறது. தேடுசொல்லுக்கு ஏழு பெட்டி கொடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டிலாவது ஆங்கில எழுத்தில் தமிழைப் போடுங்கள். என்னிடம் வருபவர்கள் பாதிப்பேர் அப்படித்தான் தேடி வருகிறார்கள், நானே அப்படித்தான் தேடுகிறேன்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலு. கிண்டிலில் போட்டுவிட்டால் அதுவே ஆள் கூட்டி வரும் என்று நினைத்து வருபவர்களுக்கு இரண்டுதான். அது ஒரு பெரிய சந்தை, நம் கடையின் ஷட்டரைத் திறந்து கொடுத்திருக்கிறார்கள், கூவுவது நம் வேலை. எனக்கு இப்போது ஏழு நாவலும் சேர்ந்து நல்ல மாதத்தில் இரண்டாயிரத்தைத் தொடும், மந்தமான மாதத்தில் எண்ணூறு. மகளின் பஸ் பாஸுக்கும் என் நெட் பேக்குக்கும் ஆகிறது. நான் குறைத்த ஒரு மதிப்பெண் அச்சுக்காக. கேடிபியில் தமிழுக்கு மின்நூல் மட்டும்தான், தாளில் அச்சடித்துக் கொடுக்கும் வசதி தமிழுக்கு இல்லை.

எங்கள் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, போனில் படிக்க வராது. "ஏங்கண்ணு, ஊரே படிக்குதுங்கற, எனக்குக் காயிதத்துல குடுக்க மாட்டியா?" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். போன மாதம் திருத்திய பிரதியைப் பெரிய எழுத்தில், இரண்டு பக்கமும் பிரிண்ட் எடுத்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்தேன். எல்லாம் சேர்த்து 290 ரூபாய். குத்துவிளக்குச் சண்டையைப் படித்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து பீரோ சாவியை எடுத்து டிவி மேல் வைத்திருந்தார். தினசரி காலண்டரில் கிழித்த தாளை அடையாளத்துக்குச் செருகி வைத்துக்கொண்டு படிக்கிறார். நேற்றுப் பார்த்தேன், தாள் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் இருந்தது.